கருத்தப்பாண்டியின் பயம்

சிவகாசியில் பெய்த மழை எங்கள் ஊரில் பெய்யவில்லை. அதனால்தான் என் வீட்டுக்காரரின் சாயம் வெளுத்தது.

நான் சிவகாசியில் ஒரு கேலண்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தேதித் தாளை அடுக்கித் தகரம் அடிக்கிற இடம். புரட்டாசி பிறந்த புதிது, அன்று காலையிலேயே வானம் இருட்டிக்கொண்டு கொட்டித் தீர்த்தது. நாங்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆட்களை ஏற்றிக்கொண்டு ஊர்களுக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. மேகம் கறுத்தாலே மருந்து கலக்கிற ரூமைப் பூட்டிவிடுவார்கள். ஆண்டவனே வந்து ஆர்டர் கொடுத்தாலும் ஈரக்காற்றில் மருந்தைத் தொட மாட்டார்கள். என் வீட்டுக்காரர் கருத்தப்பாண்டிக்கு அந்தக் கலவை ரூமில்தான் வேலை. இன்றைக்காவது மனிதர் மத்தியானம் வீட்டில் நீட்டி நிமிர்ந்து உறங்குவார் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டிக் கிடக்கிறது. எங்கள் தெருவில் ஒரு பொட்டு ஈரம் இல்லை, புழுதி பறக்கிறது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வழக்கம்போல வந்தார். முழங்கை வரைக்கும் வெள்ளி அப்பியிருந்தது. அலுமினியப் பொடியை நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம். பேருக்கு ஏற்ற நிறம் அவர், அதனால் வெள்ளி அவர் மேல் பளிச்சென்று தெரியும்.

"இன்னைக்கு வேலை ஜாஸ்தியோ?" என்று கேட்டேன்.

"தீவாளி சீசன்ல. விட மாட்டேங்காக" என்றார்.

ஊரே மழைக்கு ஒதுங்கி வீட்டுக்கு வந்த நாளில் இவர் மட்டும் கலவை போட்டுவிட்டு வருகிறாராம். சிவகாசியில் மழை பெய்ததே மனிதருக்குத் தெரியவில்லை. நான் தண்ணீரை மொண்டு ஊற்றினேன். கேட்டிருந்தால் இன்னொரு பொய் சொல்லியிருப்பார். ஒன்றையே என்னால் செரிக்க முடியவில்லை.

முதலில் வேறு எவளோ ஒருத்தி என்றுதான் புத்தி போனது. பொம்பளை புத்தி என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். பிறகு நானே சிரித்துக்கொண்டேன். எவளையாவது பார்க்கப் போகிறவன் பவுடர் பூசுவானா, முழங்கை வரைக்கும் வெள்ளி பூசுவானா? ஆனால் சிரிப்பு நிலைக்கவில்லை. மறுநாள் கம்பெனியில் தகரத்தைக் கோணலாக அடித்து மேஸ்திரியிடம் ஏச்சு வாங்கினேன்.

அன்றே தங்கத்தாயைப் பிடித்தேன். அவள் பக்கத்துத் தெரு. புருசன் இறந்துவிட்டான், இரண்டு பெண் பிள்ளைகள். என் வீட்டுக்காரர் வேலை பார்க்கிற அதே கம்பெனியில் திரி செருகுகிறாள், அதே வேனில் போகிறவள்.

"அண்ணனா? அவுக எங்க கம்பெனிக்கு வந்தே எம்புட்டு நாளாச்சு மதினி. வேற கம்பெனியில சேந்துட்டேன்னு சொன்னாகளே. காலையில நாங்க வேன் ஏறுறப்ப அவுக எதிர்ப்பக்கம் நிப்பாக. இருக்கன்குடி பஸ் வந்தா ஏறிருவாக."

இருக்கன்குடியில் மாரியம்மன் இருக்கிறாள். பட்டாசுக் கம்பெனி எங்கே இருக்கிறது?

வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டு நானும் பஸ் ஏறினேன். கோயிலில் நல்ல கூட்டம். மொட்டை போடுகிற இடத்தில் பிள்ளைகள் வீறிட்டுக்கொண்டிருந்தன. பொங்கல் வைக்க வந்தவர்களுக்குப் பானை சட்டி வாடகைக்கு விடுகிற கடைகள் வரிசையாக இருந்தன. ஒரு கடைக்குப் பின்னால், தகரக் கொட்டகையின் நிழலில், கரிப்பிடித்த அண்டா ஒன்றுக்குள் பாதி உடம்பை விட்டு விளக்கிக்கொண்டிருந்தார் என் புருசன். முழங்கை வரைக்கும் கரி. அந்தக் கரி தெரியாமல் இருக்கத்தான் மேலே வெள்ளி பூசிக்கொண்டு வந்திருக்கிறார்.

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. "வா. சாப்பிட்டியா?" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த அண்டாவை அவர் தலையிலேயே கவிழ்த்திருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தத் தேங்கா நாரை இங்கன தாங்க" என்று வாங்கி ஒரு சட்டியை எடுத்துத் தேய்த்தேன். எதிரெதிரே முகம் பார்த்திருந்தால் அவர் பேசியிருக்கவே மாட்டார். கை வேலையில் இருந்ததால் வாய் வந்தது.

"கை தகட்டை விட்டு வர மாட்டேன்னுருச்சு" என்றார்.

கலவை ரூம் வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். உடம்பில் இருக்கிற கரண்டு இறங்குவதற்காக அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். வைகாசியில் பக்கத்து ரூம் வெடித்தது. அந்த ரூமில் இருந்த சங்கையா இவருக்குச் சேக்காளி. இவர்தான் அவரை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு கேட் வரைக்கும் ஓடினார். பிழைக்கவில்லை. கம்பெனியைத் திரும்பத் திறந்த அன்று முதல் ஆளாக இவர் வேலைக்குப் போனார். ஊரே புலி என்றது. எங்கள் மகன் அப்பன் போட்டோவை போனில் ஸ்டேட்டஸ் வைத்தான். புலி ஒரு நாள் காலையில் தகட்டில் கையை வைத்திருக்கிறது, கையும் வரவில்லை, காலும் எழவில்லை. போர்மேன் சோலைமலை வந்து விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து, "கொஞ்ச நாள் ரெஸ்ட்ல இருங்கண்ணே" என்று அனுப்பிவிட்டாராம்.

"என்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீயும் பயப்படுவ."

"நான் பயப்படாம இருந்த ஒரு நாளைச் சொல்லுங்க பாப்போம். எங்கிட்டாவது டமார்னு கேட்டா வயித்துல கையை வச்சுக்கிட்டு நிக்கேன். உங்களுக்கு அது தெரியாது. நீங்க கேட்டதுமில்ல."

அவர் அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டார். உள்ளே இருந்து குரல் வந்தது. "மாரிக்கு மட்டும் தெரிய வேண்டாம். அவன் என்னை ஒரு இடத்துல வச்சிருக்கான். அது போயிரும்."

மாரி என்பது எங்கள் ஒரே மகன் மாரீஸ்வரன். அவனை இவர் வளர்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் போகிற வயதில் மரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு பிசகிவிட்டது. எலும்பு கட்டுகிறவர் கையை இழுத்துத் திருப்பும்போது இவர் எதிரே நின்றுகொண்டு, "கண்ணுல தண்ணி வந்துச்சு, இங்கனயே விட்டுட்டுப் போயிருவேன்" என்றார். பிள்ளை துண்டைக் கடித்துக்கொண்டு நின்றான். வரும் வழியில் புரோட்டாக் கடையில் உட்கார வைத்து, பிய்த்துப் பிய்த்து ஊட்டிவிட்டதும் இவர்தான். பாசம் இல்லாத மனிதர் இல்லை. அதைச் சோறாகவும் புரோட்டாவாகவும்தான் கொடுக்கத் தெரியும், வாயால் கொடுக்க வராது. பயந்தவன் கைதான் மருந்தில் முதலில் தவறும் என்று அவருடைய அப்பா இவரை அடித்து வளர்த்தாராம். இவர் அடிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"நீங்களே அவன்ட்டச் சொல்லணும்" என்றேன். "நான் சொன்னா அது கோளு. நீங்க சொன்னாத்தான் பேச்சு."

"ஞாயித்துக்கிழமை சொல்றேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, கறி எடுத்தோம், தின்றோம், அப்பனும் மகனும் டிவியில் கபடி பார்த்தார்கள். இவர் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை மறுபடியும் வெள்ளி பூசிக்கொண்டு வந்து நின்றார். நான் தண்ணீர் ஊற்றினேன். மகன் பக்கத்தில் இருந்தால், "இன்னைக்கு லோடு அதிகமோ?" என்று நானும் கேட்டுத் தொலைத்தேன். என்னையும் கூத்தில் சேர்த்துவிட்டார் மனிதர். ராத்திரிச் சோற்றில் உப்புப் போட்டேனா போடவில்லையா என்று எனக்கே தெரியாமல் போனது.

மாரி டிப்ளமோ முடித்திருந்தான். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனிக்குப் போனான், பிடிக்கவில்லை என்று வந்துவிட்டான். அதிலிருந்து வீட்டில்தான். அப்பா முகத்தை நேரே பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, அவர் வருகிற நேரம் பார்த்துக் கோடாங்கி மாதிரி தெருவைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஒரு நாள் சாயங்காலம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தான். நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"அப்பா, டீக்கடையில சோலைமலை அண்ணாச்சியைப் பாத்தேன். கலவை ரூமுக்கு ஆள் வேணுமாம். 'உங்கப்பன் பேரு ஒன்னு போதும்லே, நாளைக்கே வேன்ல ஏறிக்கோ'ன்னுட்டாரு."

எனக்கு விக்கியது. அவர் கை தட்டில் நின்றது.

"அப்பா எப்படி இருக்காகன்னு வேற கேட்டாரு. தினம் பாக்குறவரு எதுக்குக் கேக்காருன்னு தெரியலை" என்று சிரித்தான்.

அந்தப் போர்மேனை நான் மனசுக்குள் வைத வசவு இங்கே எழுதுகிற மாதிரி இல்லை. அப்பன் பயந்து விட்டுப்போன இடம், அதற்கு மகனையே பிடித்து உட்கார வைக்கிறான். இல்லை, அவனைச் சொல்லி என்ன? சீசன் அவன் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. சொல்ல வேண்டிய ஆள் என் எதிரே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"வேண்டாம்" என்றார்.

"ஏம்ப்பா?"

"வேண்டாம்னா வேண்டாம்."

"நீங்க போற இடந்தானே?"

மாரியின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "எனக்குத் தைரியம் பத்தாதுன்னு நெனைக்கீகளா?"

இப்போது சொல்லுவார், இப்போது சொல்லுவார் என்று நான் அவர் வாயையே பார்த்தேன். அவர் தட்டிலேயே கையைக் கழுவினார், துண்டை எடுத்துத் தோளில் போட்டார், வெளியே போய்விட்டார். பிள்ளை அங்கேயே நின்றான். "நான் போகத்தான் போறேன்ம்மா" என்றான். குரலில் வீம்பு இருந்தது.

நான் எச்சிற்கையோடு தெருமுக்கு வரைக்கும் ஓடினேன். "சொல்லிருங்க. இல்லைன்னா நான் சொல்லிருவேன்."

"காலையில சொல்றேன்."

"எப்ப? வேன்காரன் ஹாரன் அடிக்கையிலயா?"

மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். நானே போய்ச் சொல்லியிருக்கலாம். மாரி என்னை நம்பவும் செய்திருப்பான். ஆனால் அம்மா அழுது தடுத்தாள் என்று ஆகியிருக்கும். அதற்குப் பையன்கள் நிற்க மாட்டார்கள், இன்னும் வேகமாகத்தான் போவார்கள். அப்பன் வாயிலிருந்து வந்தால்தான் அவனுக்குக் காதில் ஏறும். இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

விடிகிற நேரம் மாரி குளித்துவிட்டுத் தயாராக நின்றான். கலவை ரூமுக்குப் பருத்தித் துணிதான் போட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அவனிடம் உள்ளதெல்லாம் வழவழப்பான சட்டைகள், அதனால் அப்பாவின் பழைய சட்டை ஒன்றை எடுத்துப் போட்டிருந்தான். தோள் அளவு சரியாக இருந்தது. அவர் பின்வாசலிலிருந்து வந்தவர் அந்தச் சட்டையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். நான் தூக்குவாளியில் சோறு கட்டினேன். இரண்டு வாளி கட்டினேன், என்ன செய்வதென்று தெரியாமல். மூன்று பேரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். "நீ எதுக்கும்மா வர்ற?" என்று மாரி கேட்டான். "சும்மாதான்" என்றேன்.

வேன் வந்தது. ஹாரன் அடித்தது.

மாரி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். பக்கத்து இடத்தில் அப்பாவுக்காகத் தூக்குவாளியை வைத்துப் பிடித்துக்கொண்டான். முன் சீட்டில் தங்கத்தாய் இருந்தாள், என்னைப் பார்த்துக் கண்ணாலேயே என்ன என்று கேட்டாள். இவர் வேன் படியில் ஒரு காலை வைத்தார். இன்னொரு கால் தரையில் இருந்தது.

"ஏறுங்கண்ணே, நேரமாச்சு" என்றார் டிரைவர்.

நான் வாயைத் திறந்துவிட்டேன். இனிமேல் பொறுக்க முடியாது என்று திறந்தேன். அதற்குள் அவர் பேசினார்.

"மாரி, இறங்கு."

"என்னப்பா, மறுபடியுமா?"

"இறங்குய்யா. எனக்குப் பயமா இருக்கு."

பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். புலி கேலி பேசுகிறது என்று நினைத்திருப்பார்கள். மாரிகூடச் சிரிக்கப் பார்த்தான். அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"நான் அங்கன போயி எம்புட்டோ நாளாச்சுலே" என்றார். வேன் கம்பியை விடாமல் பிடித்திருந்தார். "இவுககிட்ட வேற கம்பெனின்னு சொன்னேன். வீட்டுல இதே கம்பெனின்னு சொன்னேன். ரெண்டும் பொய்யி. இருக்கன்குடியில சட்டி விளக்கிட்டு இருக்கேன். ரூம் வாசல்ல நின்னேன், கால் எழலை. சங்கையாவைத் தூக்கிக்கிட்டு ஓடுனேன்ல, ஓடுறப்ப நீதான் தோள்ல கெடக்கன்னு எனக்குத் தோணிக்கிட்டே இருந்துச்சு. அன்னைக்கே எல்லாம் போச்சு. உன்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. இப்ப என் சட்டையைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்க. என்னால பாக்க முடியலைய்யா."

அழுதார். சங்கையாவின் சாவு வீட்டில்கூடக் கண் கலங்காதவர், துண்டு தோளில் இருந்தும் எடுக்காமல், விடிகிற வெளிச்சத்தில் அத்தனை பேர் முன்னாலும் நின்று அழுதார்.

மாரி அசையவில்லை. முகம் கறுத்துப் போயிருந்தது. அவமானப்பட்டுவிட்டான், இனி இவன் வீம்புக்காகவே போவான் என்று பயந்தேன். டிரைவர் கியரைப் போட்டார்.

"இருங்கண்ணே" என்றாள் தங்கத்தாய். திரும்பி மாரியைப் பார்த்தாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள். "எங்களுக்கெல்லாம் பயம் இல்லைன்னா நெனைக்க? தினமும் பயந்துக்கிட்டுத்தான் போறோம். இறங்கச் சொல்ல உனக்கு ஒரு ஆள் இருக்கு. இறங்கு தம்பி."

அவன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு இறங்கினான். வேன் போய்விட்டது.

அப்பனும் மகனும் கைக்கெட்டுகிற தூரத்தில் நின்றார்கள். இரண்டு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. என்னைப் பார்த்தார்கள். நான் வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். எத்தனை காலம்தான் நடுவில் நான் நின்று தபால்காரி வேலை பார்ப்பது?

"நேத்தே ஏன்னு சொல்லியிருக்கலாம்லப்பா" என்றான் மாரி.

"வாய் வரலைய்யா."

"ராத்திரி பூரா நானும் உறங்கலை." அவன் தூக்குவாளியைக் கீழே வைத்தான். "சங்கையா மாமா மூஞ்சியே வந்துச்சு. அப்பா தினம் போறாக, நான் எப்படிப் பயமா இருக்குன்னு சொல்றதுன்னுதான் ஏறுனேன். நீங்க இன்னொரு வாட்டி வேண்டாம்னு சொன்னா இறங்கிரலாம்னு உக்காந்திருந்தேன்."

இரண்டு பேரும் பயந்து செத்திருக்கிறார்கள். ஒருத்தருக்கு ஒருத்தர் வீரம் காட்டி, அந்த வீரத்தில் ஒருத்தன் கலவை ரூமுக்குள் போய்ச் சேர்ந்திருப்பான். நடுவில் நான் சோறு கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

அவர் மகன் பக்கத்தில் வந்தார். அவன் கன்னத்தைத் துடைக்கப் போன கையைப் பாதியில் நிறுத்தினார். "அழாத..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தவர் அதை முடிக்கவில்லை. அவனை இழுத்துத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவன் சின்னப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதான். அந்த வழியாகப் பால் கேனோடு போன ஒரு ஆள் சைக்கிளை நிறுத்தி, "என்ன, யாருக்கும் எதுவுமா?" என்று என்னிடம் கேட்டார்.

"யாருக்கும் ஒன்னுமில்லை அண்ணாச்சி" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே அது உறைத்தது, நானும் அழுதுவிட்டேன்.

சிவகாசி ரோட்டில் வேன் போன புழுதி இன்னும் அடங்கவில்லை. என் பிள்ளை கீழே நிற்கிறான், என் புருசன் அவனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வீட்டுக்குப் போவோம் வாங்க என்று கூப்பிட வேண்டியதுதான். ஆனாலும் நான் அந்த ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வேனில் தங்கத்தாய் போகிறாள்.